மெஷின் வந்த பிறகும் ஏன் உலக்கை? சிறு அளவில் பாமாயில் எடுப்பவர்கள் பற்றி

கேள்வி | 3 ஜூன்

நைஜீரியா, கானா பக்கம் சிறு அளவில் பாமாயில் எடுப்பவர்கள் மேம்பட்ட கருவிகளுக்கு மாறுவதை எது தீர்மானிக்கிறது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். வயது, படிப்பு, வீட்டில் எத்தனை பேர், கடன் கிடைக்கிறதா, சங்கத்தில் உறுப்பினரா, வேளாண் அலுவலர் வருகிறாரா என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு என்னவோ படிப்புதான் முதல் காரணம் என்று படுகிறது. படித்தவர் மெஷின் வாங்குகிறார், படிக்காதவர் உலக்கையை விடுவதில்லை. யாருக்காவது நேரடி அனுபவம் உண்டா?

4 ஜூன்

படிப்பு முதல் காரணம் இல்லை. ஒன்பது வருடம் தெற்கு நைஜீரியாவிலும், அப்புறம் இரண்டு வருடம் கானாவிலும் டீசல் எஞ்சின், டைஜஸ்டர் (வெந்த பழத்தை மசிக்கும் மெஷின்), பிரஸ் (பிழியும் மெஷின்) ரிப்பேர் பார்த்தவன் நான். நைஜீரியாவின் ஆக்வா இபோம் மாநிலத்தில் அடிக்கடி போன ஓர் ஊரில், இரண்டு டைஜஸ்டர் வைத்திருந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. யார் எத்தனை பேரல் பழம் கொண்டுவந்தார்கள் என்று சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார். சீசன் முடிவில் ஒரு கோடு கூட தப்பாது. அதே ஊரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் புது ஹைட்ராலிக் பிரஸ் வாங்கி, ஒரே ஒரு சீசன் ஓட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, நானே திறந்து பார்த்தேன். ஏன் மூடினார் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அதற்கு வருகிறேன்.

4 ஜூன், இரவு

ஒருவர் தனிச்செய்தியில் "பாமாயில் மெஷின் என்றால் ஒரே மெஷின்தானே" என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

குலையை வெட்டி இறக்கியதும் அதிலிருந்து பழத்தை உதிர்க்க வேண்டும். பழத்தை வேகவைக்க வேண்டும். வெந்த பழத்தை மசிக்க வேண்டும்: உரலில் உலக்கையால், அல்லது தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து, அல்லது டைஜஸ்டரில். டைஜஸ்டர் என்பது உருளைக்குள் ஒரு ஷாஃப்ட்டும் அதில் கைகளும் வைத்த எளிய சமாச்சாரம். மசித்ததைப் பிழிய வேண்டும். பிழிந்ததைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். கடைசியில் ஈரம் போகச் சூடாக்க வேண்டும். இது தவிர சக்கையிலிருந்து கொட்டையைப் பிரித்து, காயவைத்து, உடைத்துப் பருப்பு எடுப்பது தனி வேலை.

ஒவ்வொரு படிக்கும் தனித்தனி கருவி உண்டு. ஒருவர் மூன்றாவது படிக்கு மெஷினும் மற்றதற்கெல்லாம் பழைய முறையும் வைத்திருப்பார். இவரை மாறியவர் என்று எழுதுவீர்களா, மாறாதவர் என்றா? நான் பார்த்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான்.

6 ஜூன்

பிரித்துப் பார்த்ததும் ஒரு விஷயம் தெளிவாகிறது. டைஜஸ்டரை யாரும் பிரசாரம் செய்து பரப்ப வேண்டியிருக்கவில்லை. பக்கத்து ஊருக்கு வந்தது தெரிந்தால் தலையில் பழத்தைச் சுமந்துகொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்து வருவார்கள். உலக்கை பிடித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். சூடு ஆறுவதற்குள் குத்த வேண்டும், ஆறினால் எண்ணெய் இறங்காது. நாலு பேர் சுற்றி நின்று மாறி மாறிக் குத்துவார்கள், கொதிக்கும் பழச்சாறு முழங்கை வரை தெறிக்கும். முன்கையில் அந்தத் தழும்பு இல்லாத நடுவயதுப் பெண்ணை அந்த ஊர்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து பிரஸ் போயிருக்கிறது, கொஞ்சம் மெதுவாக. அதுவும் கைகளால் சுற்றும் திருகு பிரஸ்தான் அதிகம். நைஜீரியாவில் கைத்திருகு பிரஸ் பரவத் தொடங்கியது 1930களில், ஆக இது புதுசே இல்லை.

போகாதது எது? ஆவியில் வேகவைக்கும் கலன், எண்ணெய் தெளியவைக்கும் தொட்டி, உலர்த்தும் அமைப்பு. அதாவது எண்ணெயின் தரத்தைக் கூட்டும் படிகள். இன்றும் 200 லிட்டர் இரும்பு பேரலை அடுப்புக்கல் மேல் ஏற்றி, சாக்கால் மூடி வேகவைப்பதுதான் எங்கும். முதுகை ஒடிக்கும் படிக்கு மெஷின் வந்ததும் ஓடிப் பிடித்துக்கொண்டவர்கள், தரத்தைக் கூட்டும் படியைத் தொடவில்லை. இரண்டும் ஒரே ஆட்கள், ஒரே படிப்பு, ஒரே வயது. அப்படியானால் காரணத்தை ஆளுக்குள் தேடிப் பயன் என்ன?

7 ஜூன்

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். பிரஸ் "மெதுவாக" போனதற்கு ஆட்களைச் சொல்வது போல எழுதிவிட்டேன். பழத்தையும் சொல்ல வேண்டும்.

நைஜீரியக் காட்டுத் தோப்புகளில் பெரும்பாலும் டூரா வகை. ஓடு தடிமன், சதை மெலிசு. டூராவையும் ஓடில்லாத பிசிஃபெராவையும் கலந்தால் வருவது தெனேரா, ஓடு மெலிசு, சதை அதிகம். காங்கோவில் இந்த மரபு விஷயத்தை 1941இல் தெளிவாக்கினார்கள், அதற்குப் பிறகு புதுத் தோட்டங்கள் படிப்படியாகத் தெனேராவுக்கு மாறின. பெரிய ஆலைகளில் மோட்டார் ஸ்குரூ பிரஸ் பரவியது தெனேராவோடு சேர்ந்துதான். நார் நிறைய இருந்தால் ஸ்குரூ நன்றாகப் பிடிக்கும். டூராவைப் போட்டால் கொட்டைதான் அதிகம் வரும், அழுத்தம் கூட்டினால் கொட்டை உடையும், குறைத்தால் எண்ணெய் சக்கையில் தங்கும். உலக்கையும் கைப்பிழிவுமாக எடுத்தால் பழத்திலிருக்கும் எண்ணெயில் பாதிக்குப் பாதி போய்விடும், கைத்திருகில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும், நல்ல ஹைட்ராலிக்கில் எண்பது சதவீதத்தைத் தாண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கு எந்தப் பழத்துக்கு என்று கேட்காமல் விற்றால், வாங்கியவர் ஏமாந்துதான் போவார். நானே அப்படிச் சொல்லி விற்க உதவியிருக்கிறேன். ஓடாத மெஷினைப் பார்க்க அவர்கள் என்னைக் கூப்பிடும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

9 ஜூன்

"தரத்தின் அருமையை யாரும் சொல்லித்தரவில்லை, பயிற்சி கொடுத்தால் மாறுவார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படி நினைத்துப் பயிற்சி கொடுத்தவன். நீளமாகச் சொல்ல வேண்டிய இடம் இது.

பழம் அடிபட்ட நிமிடத்திலிருந்து அதிலுள்ள லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும், கொழுப்பு அமிலம் பிரிந்து எண்ணெய் காறும். சூடுபட்டால் நொதி செத்துவிடும். ஆகவே வெட்டிய குலையைச் சீக்கிரம் வேகவைக்க வேண்டும். சர்வதேச உணவுத் தர அளவுகோல்படி பச்சைப் பாமாயிலில் இந்த அமிலம் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கிராமத்தில் குலையை மூன்று முதல் ஐந்து நாள் வாழையிலை போட்டு மூடிக் குவித்து வைப்பார்கள். குலை நொந்து பழம் தானாக உதிரும். அதற்குள் அமிலம் அளவுகோலைத் தாண்டிப் போயிருக்கும்.

இதையெல்லாம் படம் வரைந்து மூன்று நாள் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் கரிக்கோடு போடும் அந்த அம்மா கேட்டார் (ஓகா என்றால் அங்கே ஐயா என்பது போல): "ஓகா, நாங்கள் அன்றே வேகவைத்தால் பழத்தைக் கோடரியால் கொத்திப் பிரிக்க வேண்டும், நாலு ஆள் கூலி. சந்தைக்கு வரும் வியாபாரி அந்த எண்ணெய்க்கு எவ்வளவு கூடக் கொடுப்பார்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த சந்தை நாளில் அவரோடு போய் நின்றேன். வியாபாரி 25 லிட்டர் ஜெர்ரிகேன் மூடியைத் திறந்தார், ஒரு குச்சியை விட்டு எடுத்தார், நிறத்தைப் பார்த்தார், ஈரம் இருக்கிறதா என்று ஒரு சொட்டை நெருப்பில் விட்டுப் பார்த்தார். புதிதாக வேகவைத்த எண்ணெய்க்கும் ஐந்து நாள் நொந்த எண்ணெய்க்கும் ஒரே விலை. நிறம் சிவப்பாக இருந்தால் போதும். நிறத்துக்குத்தான் விலை என்று ஆனதால் வரும் ஆபத்தையும் பார்த்தோம்: 2015இல் கானாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் சந்தைப் பாமாயிலில் சூடான் சாயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தது. அது சாப்பாட்டில் சேர்க்கவே கூடாத சாயம்.

அன்றிலிருந்து நான் பயிற்சி கொடுப்பதை நிறுத்தவில்லை, ஆனால் பயிற்சிக்கு வியாபாரியையும் கூப்பிட ஆரம்பித்தேன். இரண்டு முறை வந்தார்கள்.

9 ஜூன், மாலை

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கானாவில் ஸோமி என்று ஓர் எண்ணெய் உண்டு. நல்ல பழத்தில் எடுத்து, மசாலா போட்டு வாசமாகக் காய்ச்சுவது. சாதாரணச் சிவப்பு எண்ணெயைவிட விலை கூட. அதை எடுக்கும் பெண்கள் பழத்தை நாள் கணக்கில் குவித்து வைப்பதில்லை, அழுகலைத் தனியாகப் பொறுக்கி எடுக்கிறார்கள், தெளியவைக்கப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த அலுவலரும் லிப்பேஸ் பற்றிச் சொல்லவில்லை.

10 ஜூன்

கொஞ்சம் பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இரண்டு வகை எண்ணெய் வாங்கினார்கள்: இளகிய எண்ணெய், கெட்டி எண்ணெய். பழத்தை வேகவைத்துக் குத்தி எடுத்தது இளகியது, அமிலம் குறைவு. குழியிலோ தொட்டியிலோ நொதிக்க விட்டு மிதித்து எடுத்தது கெட்டி, அமிலம் அதிகம். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் அதுவே போதும். இளகிய எண்ணெய்க்கு ஆள் அதிகம், விறகு அதிகம், தண்ணீர் அதிகம். வாங்குபவர் கேட்டது அளவு. பல ஊர்கள் கெட்டி எண்ணெய் பக்கம் போயின. ஆள் பலத்தை மிச்சம் பிடிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதும் அவர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள்.

13 ஜூன்

ஆசிரியரின் பிரஸ் கதைக்கு வருகிறேன்.

அந்தப் பகுதிகளில் பழைய ஏற்பாடு இப்படி: மரம் ஏறிக் குலை வெட்டுவது ஆண்கள். எண்ணெய் எடுக்கும் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது, எண்ணெய்ப் பணம் போவது கணவரிடம். கொட்டை மட்டும் பெண்களுக்கு. மழைக்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாகக் கல்லில் வைத்து உடைப்பார்கள். உடைத்ததைக் களிமண் கரைத்த தண்ணீரில் கொட்டினால் பருப்பு மிதக்கும், ஓடு அடியில் போகும். அந்தப் பருப்புப் பணம் அவர்களுடைய சொந்தப் பணம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருந்து, சேமிப்புக் குழுவுக்குக் கட்டுவது எல்லாம் அதிலிருந்து.

ஆசிரியர் என்ன செய்தார் என்றால், பிழிந்து தருவதற்குக் கூலியைக் காசாகக் கேட்காமல், "எண்ணெய் முழுவதும் உங்களுக்கு, சக்கையும் கொட்டையும் எனக்கு" என்றார். அவர் நல்ல மனதோடுதான் அப்படி வைத்தார், கையில் காசில்லாதவர்கள் வரட்டும் என்று. முதல் சீசன் ஆண்கள் குலையோடு வந்தார்கள். இரண்டாவது சீசனில் யாரும் வரவில்லை. பெண்கள் சண்டை போடவில்லை, கூட்டம் கூட்டவில்லை, பழத்தை வீட்டிலேயே வேகவைத்துக் குத்த ஆரம்பித்துவிட்டார்கள். முன்கையில் மறுபடி தழும்பு.

எனக்கு இது தெரியவந்தது தற்செயலாக. ஷாஃப்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "மெஷின் நல்ல மெஷின், ஓகா. ஆனால் அது என் கொட்டையைத் தின்கிறது" என்றார்.

இதற்கு முன்னோடி நைஜீரியாவிலேயே உண்டு. 1940களின் நடுவிலிருந்து கிழக்கு நைஜீரியாவில் பயனீர் ஆயில் மில் என்ற சிறு நீராவி ஆலைகளை நிறுவினார்கள். எண்ணெய் எடுப்பதில் பழைய முறையைவிட எவ்வளவோ மேல், எண்ணெயும் சுத்தம். ஆனால் ஆண்கள் பழத்தை மொத்தமாக ஆலைக்கு விற்றார்கள், கொட்டையும் கூடவே போனது. பெண்கள் எதிர்த்தார்கள், பல இடங்களில் போராட்டம் நடந்தது. 1929இல் அரசு தங்களுக்கும் வரி போடப்போகிறது என்ற பயத்தாலும் பாமாயில் விலைச் சரிவாலும் தெருவில் இறங்கிய அதே பகுதிப் பெண்கள். அவர்களைப் படிக்காதவர்கள், முன்னேற்றத்துக்கு எதிரானவர்கள் என்று அன்றைக்கு எழுதியவர்கள் உண்டு. இன்றைக்கும் அதே வார்த்தையை நாம் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. கேள்வி கேட்டவர் மேல் கோபமில்லை, ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

13 ஜூன், இரவு

"ஆசிரியரின் பிரஸ் இப்போது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்ணெயில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கச் சொன்னோம். ஒத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் வரிசை நின்றது.

14 ஜூன்

சக்கையும் சாதாரணமில்லை. எண்ணெய் ஊறிய நார் உருண்டை அடுப்புப் பற்றவைக்க அவ்வளவு நல்லது. எண்ணெயை அதிகம் பிழியும் மெஷின் அந்த நாரை வறட்டி எடுத்துவிடும். "இதில் நெருப்பு பிடிக்கவில்லை" என்று ஒரு பிரஸ்ஸைப் பற்றிக் குறை கேட்டிருக்கிறேன். எண்ணெய் இழப்பு என்று பொறியாளர் எழுதுவதில் ஒரு பங்கு அவர்கள் அடுப்பில் எரிகிறது.

18 ஜூன்

நான்கு நாளாக வரவில்லை, மன்னிக்கவும். கடன் பற்றிய கேள்விக்கு.

தெற்கு நைஜீரியாவில் பழம் குவிவது பிப்ரவரி முதல் மே வரை. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை ஆலைகள் பெரும்பாலும் தூங்கும். மெஷின் வருடத்துக்கு நாலு மாதம் ஓடி, பன்னிரண்டு மாதத்துக்குச் சம்பாதிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு கடன் திட்டத்தில் (எந்த அமைப்பு என்று சொல்ல விரும்பவில்லை) வாங்கிய அடுத்த மாதத்திலிருந்தே மாதத் தவணை. மெஷின் வந்து இறங்கியது ஜூலையில். முதல் மூன்று தவணைக்கு அந்தக் குழு ஆட்டை விற்றது, நாலாவதுக்கு மெஷினின் எஞ்சினை விற்றது. அதற்குப் பிறகு அந்த ஊர் புள்ளிவிவரத்தில் கைவிட்டவர்கள் என்று வந்திருக்கும்.

எண்ணெயை உடனே விற்காமல் ஜெர்ரிகேனில் அடைத்து வைத்தால் வருடக் கடைசியில் நல்ல விலை வரும், இதை எல்லாரும் அறிவார்கள். கையில் பணம் இருக்கும் வியாபாரிதான் அப்படி வைக்கிறார். எடுத்தவர் சீசன் நடுவில், விலை அடிமட்டத்தில் இருக்கும்போது விற்கிறார். ஆகவே மெஷினுக்குக் கடன் கொடுப்பதைவிட, எண்ணெயை ஆறு மாதம் வைத்திருக்கக் கடன் கொடுத்தால், அடுத்த வருடம் மெஷினை அவரே வாங்கிவிடுவார் என்பது என் எண்ணம். ஓர் ஊரில் சேமிப்புக் குழு ஒன்று தானாகவே இப்படிச் செய்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் ஆதாரம் என்னிடம் இல்லை.

உதிரிபாகம் பற்றிச் சுருக்கமாக. உள்ளூர்ப் பட்டறையில் செய்ய முடியாத பாகம் ஒன்று இருந்தாலும் அந்த மெஷினின் ஆயுள் அந்தப் பாகத்தின் ஆயுள்தான். இறக்குமதி பேரிங் போய்விட்டால் சீசனே போய்விடும். டைஜஸ்டர் இவ்வளவு பரவியதில் வெல்டிங் பட்டறைக்குப் பெரிய பங்கு உண்டு, எந்தப் பாகத்தையும் பழைய லாரி இரும்பில் வெட்டி ஒட்டிவிடுவார்கள். அதை ஓட்டும் எஞ்சின் லிஸ்டர் வகை, அதாவது பழைய மாதிரி எளிய டீசல் எஞ்சின். ராஜ்கோட்டில் செய்து கப்பல் ஏறிய பல எஞ்சின்களை அங்கே திறந்திருக்கிறேன். சுத்தியலும் ஸ்பேனரும் போதும். கானாவில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். குமாசி பல்கலைக்கழகம் 1972இல் தொழில்நுட்ப ஆலோசனை மையம் தொடங்கியது, அவர்கள் செய்த கைத்திருகு பிரஸ் ஊர் ஊராகப் போனது. 1980இல் சுவாமே மேகசின் பட்டறைப் பகுதிக்குள்ளேயே ஒரு பிரிவைத் திறந்தார்கள். இரும்பு அடிப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது சரியான முடிவு.

19 ஜூன்

முதல் நாள் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன். படிப்பு உதவும் இடம் உண்டு. கடன் விண்ணப்பம், சங்கப் பதிவு, அலுவலர் கூட்டம் எப்போது என்று தெரிவது, இதெல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கைக்கு முதலில் வரும். ஆக, படித்தவரிடம் மெஷின் இருப்பது நீங்கள் பார்த்த உண்மை. நான் சேர்க்க விரும்புவது, அந்தப் படிகளை நாம்தான் காகிதத்தில் கட்டியிருக்கிறோம் என்பதை. கரிக்கோடு அம்மாவுக்கு எந்தத் திட்டமும் கடன் கொடுக்கவில்லை. சேமிப்புக் குழுப் பணத்தில் வாங்கினார், எடுக்க வேண்டிய முறை வரும்வரை ஏழு வருடம் காத்திருந்தார்.

இன்னொன்று, "மெஷின் வைத்திருக்கிறீர்களா" என்று கேட்டால் அந்த ஊரில் ஐந்து பேர் ஆமாம் என்பார்கள். "உங்கள் பழம் மெஷினில் குத்தப்படுகிறதா" என்று கேட்டால் ஊரே ஆமாம் என்னும். கூலி கொடுத்துப் பயன்படுத்துகிறவர்களை மாறாதவர்கள் கணக்கில் போட்டால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

25 ஜூன்

கேள்வி கேட்டவருக்கு: ஒண்டோ மாநிலத்தில் களஆய்வுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். செப்டம்பரில் போகாதீர்கள். ஆலைகள் பூட்டிக் கிடக்கும், ஆண்கள் மட்டும் பதில் சொல்வார்கள். மார்ச்சில் போங்கள். பெனின் நகரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்ப்பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1939இல் தொடங்கியது, சிறு ஆலைகளுக்கான கருவிகளை அவர்களே வடிவமைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே ஒரு நாள் இருந்தால் எந்தக் கருவி எந்தப் படிக்கு என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

அப்புறம் ஊருக்குப் போனதும் கேள்வித்தாளை உடனே எடுக்க வேண்டாம். மாலை ஆறு மணிக்கு ஆலைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வேலை முடிந்து எண்ணெய் ஒரு பக்கம் போகும், கொட்டைக் குவியல் இன்னொரு பக்கம் போகும். அந்தக் குவியலை யார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள், முடிந்தால் கூடவே நடங்கள். வழியில் அவர்களே சொல்வார்கள்.